சதுர அடிக்குப் பதினோரு ரூபாய்

மேட்டூர் திறந்தாயிற்று.
கல்லணை தாண்டித் தண்ணீர் இங்கே வர
இன்னும் பத்து நாள் என்கிறார்கள்.
எட்டு என்கிறார் டீக்கடைக்காரர்.
அதற்குள் வடகட்டளைப் பாலத்தின்
கைப்பிடிச் சுவர் இரண்டும், உள்ளும் புறமும்,
வெறும் கான்கிரீட்டாக வேண்டும்.

"வெள்ளையடிச்சு மூடிறலாமே மேடம்."
ஒப்பந்தக்காரர் கேட்டுப் பார்த்தார்.
"மூடி மூடித்தான் உள்ள என்ன இருக்குன்னே தெரியல"
என்றார் உதவிப் பொறியாளர் பிரிசில்லா.

முதல் நாள் வெறும் சுரண்டி.
பிளாஸ்டிக் பெயிண்ட் சொன்ன பேச்சு கேட்டது,
பொக்கு பொக்காய் உரிந்து வந்தது.
எனாமல் அசையவில்லை,
வட்டிக்காரன் வாசலில் உட்கார்ந்த மாதிரி.

மறுநாள் காஸ்டிக் சோடாவை
மைதாவோடு குழைத்தோம்.
(அலுமினியச் சட்டியில் கரைக்கப் போய்
சட்டி போனது என் தவறு.)
அடை கனத்துக்கு அப்பி
உரச் சாக்கைக் கிழித்துப் போர்த்தி
ஒரு ராத்திரி விட்டோம்.
விடிந்ததும் வேம்பரசி ஒரு மூலையைத் தூக்கினாள்.
சுவர் வாந்தி எடுத்திருந்தது.

முதலில் போனது ஒரு பூப்புனித நீராட்டு வாழ்த்து.
அதன் கீழ் ஒரு வேட்பாளரின் பற்கள்.
பற்களுக்கு அடியில் நீர்மூழ்கி மோட்டார்,
ஐந்து வருட உத்தரவாதம்.
மோட்டாருக்கு அடியில் 'நாளை' என்று தொடங்கும்
ஓர் ஆர்ப்பாட்டம்,
எந்த நாளை என்பது ஏற்கெனவே உதிர்ந்திருந்தது.
அதற்கும் அடியில்,
சின்னம் மட்டும் வேறாக,
அந்த வேட்பாளரின் தகப்பன். அதே பற்கள்.

பாலத்துக்குக் கீழே தார்ப்பாய் கட்டியிருந்தோம்.
காய்ந்த ஆறுதான்.
ஆனாலும் மணலில் சொட்டும் காரம்
வருகிற தண்ணீரில் ஏறிக்கொண்டு
கடைமடை நாற்றங்கால் வரை போகும்.
அங்கே வேம்பரசிக்கு மூணு மா குத்தகை.
சுவரைவிடப் பாயைத்தான் அவள் அதிகம் பார்த்தாள்.

கிரைண்டர் இதாயத்துல்லாவுடையது.
கிண்ணச் சக்கரம் மாட்டி ஒரு சுற்று,
அவன் தாடிக்கு அறுபது வயது ஆனது.
"வாப்பா மாதிரியே இருக்கேன்ல?"
செல்போனில் பார்த்துச் சிரித்தான்.
ஒரு நூல் கூட அழுத்தினால்
ஜல்லி பல்லைக் காட்டும், கூலி பிடிப்பார்கள்.
பெயிண்டுக்கும் ஜல்லிக்கும் நடுவே நகக்கனம் இடம்.
அதற்குள்தான் எங்கள் ஆறு நாளும்.

ஆறாம் நாள் தெற்குச் சுவரில்
'வெற்றி' முழுக்கப் போனது,
'ற'வின் நீண்ட கால் மட்டும் போகவில்லை.
கம்பிப் பிரஷ் போட்டேன்.
மறுபடி காரம் வைத்தேன்.
வினிகர் ஊற்றிக் கழுவித் தேய்த்தேன்.
கருங்கோடு. மயிர் மொத்தம்.
நகத்தை வைத்தேன்.
நகம் உள்ளே போனது.

பிரிசில்லா ஹெல்மெட்டோடு குந்தி டார்ச் அடித்தார்.
அது சுவரில் இறங்கித் தளத்துக்குள் போயிருந்தது.
பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துக்
குறுக்கே வைத்துப் பசையால் ஒட்டினார்.
பக்கத்தில் பென்சிலால் தேதி.
அத்தனையும் துடைத்த சுவரில்
முதல் எழுத்து அதுதான்.

"பாலம் அசைஞ்சா இது உடையும்."
"உடைஞ்சா மேடம்?"
"உடையட்டும், அப்ப பாக்கலாம்."

ஒப்பந்தக்காரர் டேப்பை நீட்டினார்.
"கண்ணாடி ஒட்டின இடத்தைக் கழிச்சுக்கவா?"
என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
எங்களில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

தண்ணீர் ஒன்பதாம் நாள் ராத்திரி வந்தது.
முன்னால் நுரை, வைக்கோல், ஒற்றைச் செருப்பு.
வேம்பரசி டார்ச்சோடு கரையில் நின்று
மோந்து பார்த்தாளாம்.
காலையில் வடக்குச் சுவர் முழுக்க ஈரச் சுண்ணாம்பு,
மூலையில் 'முன்பதிவு', ஆண்டு போட்டு.

இப்போது கூத்தாநல்லூர்ப் பேருந்து
பாலம் ஏறும்போதெல்லாம்
தெற்கு ஜன்னல் பக்கம் உட்கார்கிறேன்.
இன்று வெயிலில் ஒரு மின்னல் தெரிந்தது.
ஒன்றா, இரண்டா என்று பார்ப்பதற்குள்
டிரைவர் கியரை மாற்றிவிட்டார்.