மெய்ப்புத் திருத்தம்

கொட்டாஞ்சேனை அச்சகம், மாலை ஆறு.
பரீட்சை வழிகாட்டி, பக்கம் நாற்பத்தொன்று:
பெண்ணுக்கு மடலேற்றம் இல்லை.
எழுத்துப்பிழை இல்லை. கடந்து போகலாம்.

போன வருஷம் அண்ணன் பிரதாபன்
வெள்ளவத்தையில் ஒருத்தியின் கேற்றடியில்
மூன்று இரவு, மழையில், சாப்பிடாமல் நின்றான்.
பாவம் பொடியன் என்று
ஒழுங்கையே தேத்தண்ணி கொடுத்தது.
கலியாணமும் ஆயிற்று.

நான் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில்
ஒருவனுக்காக இரண்டு ரயிலைத் தவறவிட்டேன்.
வீடு போய்ச் சேருமுன்
செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

அடிக்குறிப்பு, பொடி எழுத்தில்:
பல நூற்றாண்டுக்கு முன் ஒரு பாட்டில் ஒருத்தி
அந்த விதி கிடக்கட்டும் என்றாளாம்,
பனைமட்டைக் குதிரையில் தானே ஏறுவாளாம்,
தெருத்தெருவாய் அவன் பேரை இழுப்பாளாம்,
அவன் கடவுளே ஆனாலும்.

அடுத்த வரி: பாடியவர் ஆண்.

சிரித்துவிட்டேன்.
கருக்கு தொடையைக் கிழிக்கும்.
இரவல் குரலுக்கு எங்கே வலிக்கும்?
ஆனாலும் பாட்டில் அந்த ‘நான்’
இன்னும் இறங்கவில்லை,
யாருடையதாகவும் ஆகலாம்.

சிவப்புப் பேனையால் ‘இல்லை’யைச் சுற்றி
ஒரு வட்டம். ஓரத்தில் கேள்விக்குறி.
முதலாளி நாளைக்குக் கத்துவார்.

பஸ் பிடித்து, ஸ்டேஷனில்
லைற்றுக்கு நேர் கீழே இருந்த வாங்கில்
போய் இருந்தேன்.