ஒன்றேகால் மாத்திரை

தர்ஷிகாவின் உள்ளங்காலில்
யாரோ சிவப்புப் பேனாவால் கோலம் தொடங்கி
புள்ளி வைக்க மறந்ததுபோல் ஒரு கோடு.
நேற்று பெருவிரல் அடியில் இருந்தது.
இன்று நடுப்பாதம்.
தகர ஷெட்டின் தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்து
விடியும்வரை விழித்திருந்தாள்.

ஹொரமாவு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
கோட்டின் நுனியில் நீலப் பேனாவால் குறி வைத்தார்.
"நாளைக்கு இதைத் தாண்டியிருக்கும், பாருங்க.
நாய் வயித்துப் புழு. மணல்லேருந்து ஏறியிருக்கு.
மனுச உடம்புல அதுக்கு வழி தெரியாது.
தோலுக்கு அடியிலேயே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

வழி தெரியாது என்றதும்
எனக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது.
திருவண்ணாமலை வண்டியில் இறங்கி
எந்தப் பிளாட்பாரம் என்று கேட்கப் பாஷை இல்லாமல்
மூட்டையும் வயிறுமாய் நாலு சுற்று சுற்றியிருக்கிறேன்.
ஒரு நிமிஷம் அந்தப் புழுமேல் இரக்கம்.
ஒரு நிமிஷம்தான்.
அரிப்பது என் பிள்ளைக்கு.

மணல் மேட்டுக்கு ஒரே சொந்தக்காரி
சிமெண்ட்.
நிறத்துக்கு வைத்த பெயர்.
விலாவை எண்ணலாம், வயிறு மட்டும் பானை.
மத்தியானம் அவள் குழி பறித்துப் படுப்பாள்.
சாயங்காலம் அதே குழியில் தர்ஷிகா வீடு கட்டுவாள்,
கிழக்கு பார்த்த வாசல், மூன்று மாடி.
நாங்கள் கட்டுவதைவிடச் சீக்கிரம் எழும்பும்.

"கோணியில போட்டு ரிங் ரோடு தாண்டி விட்டுடு"
என்றார் சூப்பர்வைசர் புட்டசாமி.
மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சித்தலிங்கப்பா
பாதி கன்னடம் பாதி தமிழில் சொன்னது வேறு:
"இதை விரட்டினா இன்னொண்ணு வரும்.
அதுக்கும் ஜந்துஹுளு இருக்கும்.
இதுக்கே மருந்து போடு. எத்தனை கிலோ?"

எத்தனை கிலோ!
தெருநாயை யார் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பழைய பேப்பர் ராயப்பன் கடையில்
இரும்பு நிறுக்கும் மேடை இருந்தது.
"நாயோட ஏறு. நாயில்லாம ஏறு. கழி."
தூக்கினேன். மணல் சட்டியைவிட லேசு,
ஆனால் சட்டி முகத்தை நக்காது.
இரண்டு பேரும் ஐம்பத்து நாலு.
நான் மட்டும் நாற்பத்து மூன்று.
முப்பது வயசில் எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"ஒன்றேகால் மாத்திரை" என்றார் சித்தலிங்கப்பா.
ஏழாவது வரைக்கும் போனவள் நான்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை என்று
கண்ணை இமைத்து, விரலை நொடித்து
வாத்தியார் முன்னால் ஒப்பித்திருக்கிறேன்.
ஒன்றேகாலுக்கு எந்த எழுத்தும் ஞாபகம் வரவில்லை.

ஈரலில் பொதிந்து வைத்தேன்.
ஈரலைத் தின்று மாத்திரையைத் துப்பினாள்,
கழுவி எடுத்ததுபோல் சுத்தமாக.
வெல்லத்தில் வைத்தேன். பன்னில் வைத்தேன்.
கடைசியில் வாயைப் பிளந்து
நாக்குக்குப் பின்னால் தள்ளி
தொண்டையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்,
காய்ச்சலில் கஞ்சி இறங்காத பிள்ளைக்குத் தடவுவதுபோல.
முழுங்கினாள். முறைத்தாள்.

மறுநாள் வெளியே வந்ததைச் சொல்லமாட்டேன்.
மண்வெட்டியில் அள்ளி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்து,
கை கழுவி, மறுபடியும் கழுவினேன்.
இன்னும் சேமியா வாங்கவில்லை.

புட்டசாமி ஒரு தார்ப்பாய் கொண்டுவந்து
மணலை மூடச் சொன்னார்,
"மழைக்கு" என்றார், வானத்தில் மேகமே இல்லை.
தர்ஷிகாவுக்கு நாற்பது ரூபாயில் செருப்பு,
ஒரு சைஸ் பெரிசு.

அவளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.
நாலாம் நாள் கோடு நீலக் குறியைத் தாண்டவில்லை.
அப்புறம் பழுப்பாகி உரிந்தது.
அழுதாள்.
தினமும் காலையில் அவளே வைத்த குறிகள்
ஏழும் குளிக்கும்போது போய்விட்டனவாம்.

பதினைந்தாம் நாள் இன்னொரு தடவை கொடுக்கணும்,
குடலில் மிச்சம் இருப்பது அதற்குள் வளர்ந்திருக்கும்.
மறுபடியும் ராயப்பன் மேடை.
இரண்டு பேரும் ஐம்பத்தைந்து.
"ஒரு கிலோதானே ஏறியிருக்கு" என்றார்.
நாயை இறக்கிவிட்டு நான் மட்டும் நின்றேன்.
முள் ஆடி ஆடி
நாற்பத்திரண்டில் நின்றது.

சிமெண்டுக்கு இனிமேல் ஒன்றரை.