ஒற்றைக் காதில் ருத்ரவேல்

இரவு பதினொன்றே கால்.
மிசிசாகா, டிக்சி வீதிச் சலவை ஆலை.
ஒரு காது ருத்ரவேலுக்கு,
மற்றது இயந்திரத்துக்கு.
இரண்டையும் அடைக்கக் கூடாதென்பது
சுவரில் ஒட்டிய விதி.
தெரிந்தால் கொதித்துப்போவான்,
பாதிக் காதால் கேட்கக்கூடிய ஆளா அவன்?

"நான் சொன்னால் சொன்னதுதான்" என்கிறான்
பன்னிரண்டாம் அத்தியாயத்திலும்.
விமான நிலைய விடுதியின் படுக்கை விரிப்பை
இரு மூலை பிடித்து உதறுகிறேன்.
எதிரே மற்ற இரு மூலைகளோடு மேரிசெல்.
தமிழ் தெரியாது அவளுக்கு,
என் முகம் தெரியும்.
"இண்டைக்கும் கத்துறானா?"
"கத்துறான்."
"முத்தம்?"
"இன்னும் முப்பது அத்தியாயம் கிடக்கு."

தாடை இறுகும். கழுத்து நரம்பு புடைக்கும்.
கைக்கடிகாரத்தின் விலை இரண்டு தரம் சொல்லப்படும்.
எவளோ ஒருத்தி எப்போதோ விட்டுப்போனதற்கு
ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும்
அவனுக்குக் கடன்காரிகள்.
மிருணா அழுவாள்.
தட்டை அவள் முன்னால் தள்ளி
"சாப்பிடு" என்று உறுமுவான்.
இந்த இடத்தில்தான்
வெட்கம்கெட்டு எனக்குள் ஏதோ இளகும்.

மேற்பார்வையாளன் பிரெண்டனும்
இப்படித்தான் புருவத்தை நெரிப்பான்.
அவனுக்கு நான் இளகியதில்லை.
சங்கத்துக்கு இரண்டு முறைப்பாடு எழுதியிருக்கிறேன்.

அறைந்த அத்தியாயத்தில்
அவனை நிறுத்தினேன்.
மூன்று நாள் அப்படியே கிடந்தான்,
ஓங்கிய கை இறங்கவும் வழியில்லாமல்,
என் கைப்பைக்குள், பேருந்துச் சீட்டுக்கும்
இருமல் மிட்டாய்க்கும் நடுவில்.
பிறகு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன்.
கர்ஜனையெல்லாம்
ஏலம் கூவுகிற மீன்காரனின் அவசரம்.

உண்மையில் அவனுக்கும் மிருணாவுக்கும் குரல் ஒன்றுதான்.
கரூரிலோ ஈரோட்டிலோ
கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி வாசிக்கிறாள்.
அவளுக்குத் தடிமன் வந்தால்
அவனுக்கும் மூக்கடைப்பு.
மிரட்டலின் நடுவே குக்கர் மூன்று விசில்.
ஒருமுறை, மிருணாவைச் சுவரோடு அவன் மறித்த கணத்தில்
"அம்மா, சாக்ஸ் எங்க?" என்றொரு சிறுவன்.
வெட்ட மறந்துபோனாள்.
நாலு தரம் பின்னுக்கு ஓட்டிக் கேட்டேன்.
பதில் இல்லை, ஒரு நெடுமூச்சு மட்டும்.
அப்புறம் "அவன் விழிகள் சிவந்தன."

பதினொரு வருஷம் என்னோடு இருந்தவனும்
பேசமாட்டான்.
கதைகளில் மௌனத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கும்,
காயத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன்.
நானும் தட்டித் தட்டிப் பார்த்தேன்.
யோகநாதனுடைய மௌனத்துக்குப் பின்னால்
வரிக் கணக்கு இருந்தது,
அதற்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மௌனம்.
கெட்டவனில்லை.
வீட்டைவிட்டுப் போன அன்று
என் காருக்குக் குளிர்கால டயர் மாட்டிவிட்டு
கையைத் துடைத்துக்கொண்டு போனான்.
அது எத்தனையாம் அத்தியாயம் என்று
இன்றுவரை பிடிபடவில்லை.

நாற்பத்திரண்டு வந்தது
ஒரு செவ்வாய் விடியலில்.
வெளியே உப்பு வண்டிகள் வீதியை உரசிக்கொண்டு போயின.
ருத்ரவேல் முழந்தாளிட்டான்.
மன்னிப்புக் கேட்கிற இடம்.
அங்கே அவள்
குரலைத் தடிப்பாக்க மறந்துபோனாள்.
இத்தனை நாள் அதட்டியவன்
ஒரு களைத்த பெண்ணின் குரலில்
"எனக்குப் பேசத் தெரியல" என்றான்.
தூரத்தில் எங்கோ ஒரு தண்ணீர்க்குழாய்
மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

என் கையில் விரிப்பு அப்படியே நின்றது.
மேரிசெல் மறுமுனையை மெல்ல இழுத்தாள்.
"கேட்டுட்டானா?"
தலையாட்டினேன்.
"நான் எண்டால்
இன்னும் பத்து அத்தியாயம் அலையவிடுவன்" என்றாள்.
தொலைபேசியில் மூன்று வீதம்தான் மின்.
மிருணா வாய் திறக்குமுன் அணைந்துவிடும்.
மூலையோடு மூலை சேர்க்க
நாங்கள் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம்.
இன்னும் அறுபது விரிப்பு இருந்தது.