பதினோரு மணிப் பிறந்தநாள்

லாய்ட்மின்ஸ்டரில் நடுத்தெருவே மாகாண எல்லை.
ரொட்டி வாங்குவது ஆல்பர்ட்டாவில்,
தபால் போடுவது சஸ்காச்சுவனில்.
என் கடை கிழக்கு ஓரம். அன்று குளிர்
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநாலு.

மாட்டு டாக்டர் ஒரெஸ்ட் பாபியக்
கோட்டின் உள்பையிலிருந்து
உள்ளங்கையளவு டைரிக் கருவியை எடுத்து
மேஜைமேல் வைத்தார், மூச்சு இருக்கிறதா
என்று தெரியாத கோழிக்குஞ்சை வைப்பதுபோல.

"எல்லாம் ரெண்டு ரெண்டா வருது.
புதுசா சேர்ந்த பையன்
ஒரே பசுவுக்கு ரெண்டு தடவை போய் நின்னான்.
மாட்டுக்காரன் சிரிச்சான். மாடு சிரிக்கல."

பழுது பார்க்கிறவள் முதலில் கேட்பது ஒன்றுதான்:
கடைசியாக எதைத் தொட்டீர்கள்?
வருகிறவர்கள் சொல்வதும் ஒன்றுதான்:
எதையும் தொடவில்லை.
(குளிரில் பேட்டரி செத்ததும்
பழைய காப்புப் பிரதியை ஏற்றியது
தொட்டதில் சேராதாம்.)

தொட்டிலில் உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினேன்.
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாக இருந்தவை
இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
குளம்பு வெட்டு எட்டுக்கு, குளம்பு வெட்டு ஒன்பதுக்கு.
தடுப்பூசி எட்டுக்கு, தடுப்பூசி ஒன்பதுக்கு.
திரை கேட்டது:
கைக்கருவி கம்ப்யூட்டரை அழிக்கட்டுமா,
கம்ப்யூட்டர் கைக்கருவியை அழிக்கட்டுமா?
இரண்டு சாட்சிகள். இருவருமே
சத்தியம் செய்துவிட்டார்கள்.

கடிகாரத்தைத் திறந்ததும் புரிந்தது.
கோடைக்கும் குளிருக்கும் அசையாத சஸ்காச்சுவன் மணியில்
வருஷக்கணக்காக ஓடிய கம்ப்யூட்டரை
மருமகன் டாரில், போன வருஷத்துக்கு முந்தின குளிரில்,
நல்லெண்ணத்தோடு ஆல்பர்ட்டா மணிக்கு மாற்றியிருக்கிறான்.
ஊர் வாழ்வதென்னவோ அந்த மணியில்தான்.
ஆனால் பழைய பதிவெல்லாம்
ஒரு மணி நேரம் பின்னால் வழுக்கிவிட்டது.

"ரெண்டு வருஷமா கவனிக்கலையா?"
"மாடுங்க நேரம் தலையிலேயே இருக்கும்.
பிறந்தநாளுக்கு மட்டும்தான் இதை நம்புவேன்."

பிறந்தநாள் நள்ளிரவில் தொடங்குவது.
ஒரு மணி வழுக்கினால் போதும்,
முந்தைய நாள் பதினோரு மணிக்கே எழுந்து
பக்கத்துத் தாளில் காலை நீட்டிக்கொள்ளும்.
ஹாலினா, யார்க்டன்: பிப்ரவரி எட்டு.
"இது ஒன்பதா இருக்கணுமே?" என்றேன்.
அவர் விரல் விட்டு எண்ணினார்.
பிறகு கடைப் போனைக் கேட்டார்.

பாதி உக்ரேனிய மொழி, பாதி இருமல்.
அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது.
வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம்
கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அக்காவுக்குத் தெரியுமாம். ஒன்பதாம் தேதி
எல்லாரும் கூப்பிடுறாங்களாம்.
எட்டாம் தேதி நான் மட்டும்தானாம்.
எட்டாம் தேதியே கசகசா ரொட்டியை வெட்டி வச்சிட்டு
போன் பக்கத்துல உட்காருதாம்."

மூன்று மணி நேரம் இரட்டைகளை அழித்தேன்,
ஒவ்வொன்றாக. மொத்தமாக அழிக்கும் பொத்தானை
நான் நம்புவதில்லை.
வடக்குப் பண்ணை, கன்று, காலை ஐந்து.
வடக்குப் பண்ணை, கன்று, காலை ஐந்து.
ஒன்றின்மேல் விரல் போகும்போது
"அதை விடுங்க" என்றார், "அது நிஜமாவே ரெட்டை."

ஹாலினாவின் வரிக்கு வந்தபோது
அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.
அடுத்த வரிக்குப் போனேன்.

ரசீதில் எழுதினேன்: நேர மண்டலக் கோளாறு.
சரிசெய்யப்பட்டது, ஒன்று நீங்கலாக.
நாற்பது டாலர். விறைத்த விரல்களோடு
சில்லறையை எண்ணிக் கொடுத்தார்,
இரண்டு முறை.