திருத்த அட்டை

பெத்தலில் இன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
இறக்கையில் படிந்த உறைபனியைத்
துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தேன்.
ஃபேர்பேங்க்ஸிலிருந்து வந்த கோரின் ஹாஸ்கல்
என் இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டினாள்.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.
"இது இருப்பதையே மறந்துவிடுங்கள்."

மறக்கத்தான் பார்த்தேன்.
தபால் மூட்டை, டயப்பர் பெட்டிகள்,
ஜெனரேட்டருக்கு ஒரு பெல்ட்,
பின்னிருக்கையில் பல்வலியோடு அக்சினியா எவன்.
என்ஜின் இருமி இருமிப் பிடித்தது.
ஆல்டர்னேட்டர். ரேடியோ.
கண்ணாடியைச் சூடாக்கும் சுவிட்சைத் தட்டியதும்
திசைகாட்டி பன்னிரண்டு பாகை திரும்பிக்கொண்டது,
கடன் கொடுத்தவரைச் சந்தையில் கண்டவன் மாதிரி.

அதற்குக் கீழே ஒரு சின்ன அட்டை.
மெக்கானிக் ஸ்டெப்பான் பென்சிலால் எழுதியது.
வடக்கே போக மூன்று கூட்டு.
கிழக்கே போக இரண்டு கழி.
ரேடியோ போட்டிருந்தால் கணக்கே வேறு.

பதினெட்டு வருடம்
அந்த அட்டையை நம்பிப் பறந்திருக்கிறேன்.
கீழே உறைந்த ஆறு, அதன்மேல் லாரித் தடம்,
எதிரே வெள்ளையோடு வெள்ளையாய் வானம்.
ரேடியோ போட்டிருக்கும்போது
நான் எத்தனை பாகை?
யாரும் எழுதி ஒட்டவில்லை.

சாயங்காலம் கோரின் திரையைக் காட்டினாள்.
இடது முழங்கால் பக்கம்தான் கோடு உயரே போயிருந்தது,
பலகைக்குப் பின்னால் தடித்த வயர் இறங்கும் இடம்.
"அதிகமா?"
"எதோடு ஒப்பிட்டு?" என்றாள்.
பொய் சொல்லத் தெரியாத பெண்.

குளிரில் வலிப்பது அந்த முழங்கால்தான் என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
பதினாறு வயதில் பனிவண்டியிலிருந்து
அதே காலில்தான் விழுந்தேன் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.
"ராத்திரியும் கழற்ற வேண்டாம்,
ஒப்பிட உங்கள் வீடு வேண்டும்."

வீட்டில் ஃப்ரிட்ஜ் முனகுகிறது.
கூலிக்கு மேலே அக்சினியா கையில் திணித்த
உலர்ந்த சால்மனை
விளக்குப் போடாமலே கடிக்கிறேன்.
முள் எங்கே என்று நாக்குக்குத் தெரிகிறது,
தள்ளி எடுத்து ஓரமாக வைக்கிறது.

இடுப்பில் பச்சைப் புள்ளி ஒன்று
விட்டு விட்டு மினுங்குகிறது.
எழுந்துபோய் ஃப்ரிட்ஜை அணைத்தேன்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
நாளை கிப்னக், இரண்டு தடவை.
மீன் கெட்டுப்போகும் என்று
திரும்பவும் போட்டேன்.