விரற்கடை

இவர் முகம் எனக்குத் தெரியாது.
ரெமிகியோ ஒயார்சூன், அறுபத்தொன்று.
பெருங்குடலின் கடைசியில் ஒரு சாண் வெட்டியெடுத்து
மிச்சத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.
சேர்த்த இடத்தில் உலோகத் தையல்
வட்டமாக மின்னுகிறது.

வால்பரைசோவில் மணி ஏழு.
துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் விளக்கேற்றியாயிற்று.
எனக்கு இந்த அறையில் இருட்டுதான் வேண்டும்.

இடத் திரையில் மார்ச் மாதம்,
வலத் திரையில் இன்று காலை.
இரண்டையும் ஒன்றாக உருட்டுகிறேன்.
நுரையீரல். ஈரல்.
ஈரலில் ஒன்றுமில்லை.
மேலே போய் மறுபடி வருகிறேன். ஒன்றுமில்லை.
இடது ஏழாம் விலாவில் பழைய முறிவு, தானே கூடியது.
எங்கே விழுந்தாரோ,
இந்த ஊரில் படிக்கட்டுக்கா பஞ்சம்.

பிறகு அந்த இடம்.
வால் எலும்புக்குச் சற்று மேலே, முன்புறமாக,
சாம்பலுக்குள் இன்னொரு சாம்பல்.
தழும்பு என்றுதான் மார்ச்சில் எழுதினேன்.
தழும்பு சுருங்கும், இல்லை சும்மா கிடக்கும்.
மற்றது வளரும்.
விட்ட குறையா தொட்ட குறையா என்று கேட்டால்
சாம்பல் வாய் திறப்பதில்லை.

அளக்கிறேன். ஒன்பது மில்லிமீட்டர்.
கோட்டை அழித்துவிட்டு அளக்கிறேன். பத்து.
காப்பி ஆறிவிட்டது.
மூன்றாம் தரம் ஒன்பதரை.
மார்ச்சில் ஒன்பது.
இந்த அரை மில்லிமீட்டர்
அவர் உடம்பில் இருக்கிறதா,
என் மணிக்கட்டில் இருக்கிறதா?

அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன்,
யாரும் அளக்கச் சொல்லாத ஓரம்.
அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே கொழுப்பு
மார்ச்சில் காகிதம் மாதிரி.
இப்போது நல்ல ஒரு விரற்கடை.
யாரோ சமைத்துப் போடுகிறார்கள்.
பீன்ஸும் பூசணியும் குழைய வெந்த கெட்டிச் சாறு,
போதும் போதும் என்னும்போதே இன்னொரு கரண்டி.
அல்லது இவரே எழுந்து நின்று
அடுப்பைப் பற்றவைக்கிறார்.

அறிக்கையில் இதற்குக் கட்டம் கிடையாது.
'குறிப்பிடத்தக்க மாற்றமில்லை' என்று தட்டுகிறேன்.
கை நிற்கிறது.
'மூன்று மாதத்தில் மீண்டும் எடுக்கவும்.'
முதல் வரியை வீட்டில் நாலு பேரிடம் சொல்வார்கள்.
இரண்டாவது அவரோடு படுத்து
அவருக்கு முன்னால் எழுந்திருக்கும்.

கோப்பை மூடுமுன் ஒருமுறை
மேலே, இதயம் வரை உருட்டிப் பார்த்தேன்,
காரணமில்லாமல்.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்று
அந்த இயந்திரம் சொல்லியிருக்கும்.
துளி அசைவில்லை, ஒரு துண்டிலும்.
அவர் இந்நேரம் மேட்டுத் தெரு ஏறி
வீடு போயிருப்பார்.
படத்தில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.