இரண்டு கிராம்

பட்டியல் போட மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.
இங்குஸ் ஏணிமேல், நான் கீழே நோட்டோடு.
"எலும்புப் பொத்தான், நாலு துளை, பதினெட்டு டஜன்."
எழுதினேன்.
"லினன் நூல், சாம்பல், முப்பத்தொரு கண்டு."
எழுதினேன்.
"ஸ்க்ரூடிரைவர், ஒன்று."
எழுதினேன்.
"இது என்ன?"
என் சாப்பாட்டு டப்பா. காணாமல் போய் ரெண்டு வருஷம்.
எழுதவில்லை.

லியெபாயாவில் காற்று ஓயாது.
கதவைத் திறந்தால் முதலில் நுழைவது அதுதான்,
ஆள் அப்புறம்.
சொல்லிவைத்தேன்:
இறகுப் பெட்டியைக் கதவோரம் வைக்காதே.
ஸ்கைத்ரீதே ஒரு ஜிப்புக்குப் பாக்கி, கேட்காதே,
கேட்டால் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்துவிடுவாள்.
தூண்டிலுக்குப் பொய் ஈ கட்டுகிற அர்வித்ஸ்
ஆரஞ்சுப் பட்டு கேட்பார்,
சிவப்பை வாங்கிப் போவார்,
மறுநாள் மாற்ற வருவார்.
ஆரஞ்சை எடுத்து வெளியே வைத்துக்கொள்.

கப்பல்களுக்குள் மின்கம்பி இழுத்தவன்.
உனக்கெதற்கு மணியும் நூலும் என்று
நான் கேட்கவில்லை,
அவன் மனைவி கேட்டாள்,
என் எதிரிலேயே, இரண்டு தடவை.
"கடைக்குள் மழை பெய்யாது" என்றான்.
கூரையின் வடமூலையைப் பற்றி
அப்போது நான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.
விலையில் நானூறு யூரோ குறைந்தது.

நோட்டரி கேட்டார்:
"சரக்கு இவ்வளவு, அலமாரி இவ்வளவு,
நற்பெயருக்கு?"
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.
இருபத்தாறு வருஷத்துப் பெயர்.
ஒரு தொகை சொன்னேன்.
சொல்லும்போது அதிகமோ என்றிருந்தது,
அவர் எழுதியதும் குறைவோ என்றிருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
தராசு.
நூறு கிராம் மணிக்குத் தொண்ணூற்றெட்டுதான் காட்டும்.
பதினோரு வருஷமாக.
தெரிந்தேதான்.
முதலில் வெறும் சோம்பல்.
பிறகு மில்டா தன் வீட்டில் நிறுத்துப் பார்த்து
"வெல்காவுக்குத் தாராளக் கை" என்று
டிராமில் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டாள்.
கையில் ஒன்றுமில்லை,
ஸ்பிரிங் தளர்ந்திருந்தது.
அந்தப் பெயருக்குத்தான்
நோட்டரி முன்னால் விலை சொல்லியிருக்கிறேன்.

சாவி கொடுத்த அன்று சொன்னேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
நாலாவது இழுப்பறையைத் திறந்தான்.
நான் கோட்டுக்குப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள்
முள் சரியான இடத்தில் நின்றது.
ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து உள்ளே வைத்தான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பத்து நாள் பொறுத்துப் போனேன்.
இறகுப் பெட்டி கதவோரம்தான் இருந்தது.
நான் திறந்ததும் ஒரு பச்சை இறகு எழும்பி
கல்லாவுக்கு மேலே சுற்றியது,
அவன் அதைப் பார்த்தான்,
நான் கூரையைப் பார்த்தேன்.

"நீல மணி, நூறு கிராம்."
இந்தப் பக்கமிருந்து அந்த மேசை
இத்தனை உயரமென்று எனக்குத் தெரியாது.
கொட்டினான், நாலைந்து மணி திரும்ப எடுத்தான்,
ஒன்றை மறுபடி போட்டான்.
நூறு.
காசு கொடுத்தேன்.
நின்றேன்.

இருபத்தாறு வருஷமும் ஜனங்கள்
காசு கொடுத்த பிறகு இப்படி ஒரு நொடி நிற்பார்கள்.
ஏதோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து
"வேறேதாவது?" என்பேன்.
கொசுறுக்கு நின்றிருக்கிறார்கள்.

"வேறேதாவது?" என்றான் இங்குஸ்.
இல்லை என்றேன்.

வீட்டில் என் சமையல் தராசில் வைத்தேன்.
நூற்றொன்று.
கீழே குனிந்து பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன்,
பொட்டலத்தை எடுத்துவிட்டுத்
திரும்ப வைத்தேன்.
நூற்றொன்று.

அவன் கையா, என் தராசா.
பிரித்துப் பார்த்துவிடலாம்.
ஸ்க்ரூடிரைவர்
பட்டியலில் போய்விட்டது.